சென்னியப்பன் வீட்டில் ஆள் இல்லை

"எல்லாமே ஒண்ணாச் சேந்துருச்சு அம்மிணி. ஒண்ணே ஒண்ணு மட்டும் சேர மாட்டேங்குது."

"எதுங்க சார்?"

"உங்கக்கா."

நசீமா கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள்.

அக்கா என்பது பூங்கோதை. சென்னியப்பனின் மனைவி.

சென்னியப்பன் கோவையில் ஒரு நூற்பாலையில் மெஷின் பராமரிப்பு ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். நசீமா பத்தொன்பது வயதில் அவரிடம் அப்ரண்டிஸாக வந்து சேர்ந்தவள். ஸ்பேனரை எந்தக் கையில் பிடிப்பது என்பதிலிருந்து அவர்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

இப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. சிங்காநல்லூரில் கடை வைத்திருக்கிறாள். ஒரு வீட்டில் இருக்கிற விளக்கு, மின்விசிறி, மோட்டார், கேமரா எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கோத்து, சொன்னபடி கேட்க வைப்பது அவள் தொழில். ஆக, இந்த வித்தையில் அவள் குரு, அவர் சீடர். இருவருக்கும் இதில் கூச்சமில்லை. 'சார்' என்று கூப்பிடுவதை அவள் விடவில்லை. 'அம்மிணி' என்பதை அவரும் விடவில்லை.

"மூணு மாசத்துக்கு முன்னாடி வீட்ல ஒம்போது ரிமோட்டு கெடந்துச்சு" என்றார் சென்னியப்பன். "ஃபோனுக்குள்ள ஆறு ஆப்பு. லைட்டுக்கு ஒண்ணு, ஃபேனுக்கு ஒண்ணு, கேமராவுக்கு ஒண்ணு. இது பேசறது அதுக்குப் புரியாது. எனக்குக் கிறுக்குப் புடிக்காத குறைதான். நீ சொல்லிக் குடுத்தாப்பல உக்காந்து அத்தனையும் ஒண்ணாக்கிட்டேன். இப்ப ஒரே ஆப்பு. நான் ஃபோனை எடுத்துட்டு கேட்டைத் தாண்டுனா லைட்டு, ஃபேனு எல்லாம் நின்னு வீடு தானாப் படுத்துக்கும். திரும்பி வந்தா தானா எந்திரிச்சுக்கும். சுவிட்சைத் தொட வேண்டியதே இல்ல. சுவிட்சு போர்டைக் கழட்டிப்போட்டுத் தகடு வச்சு மூடிட்டேன். பாக்கறதுக்கே அம்சமா இருக்குது."

"அக்காவுக்கு என்னங்க ஆச்சு?"

"பொள்ளாச்சிக்கு அவங்கண்ணன் வீட்டுக்குப் போயி ஆறு நாளாச்சு."

"என்ன சொல்லீட்டுப் போனாங்க?"

சென்னியப்பன் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"'உங்க வீட்டுக்கு என்னைத் தெரியலீங்க. என்னைக்குத் தெரியுதோ அன்னைக்குச் சொல்லியுடுங்க, வர்றேன்'னு."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான். கோவிச்சுக்கிட்டுப் போற ஆளே இல்ல அம்மிணி அவ. முப்பத்தியோரு வருசத்துல இது மொதத் தடவை. சும்மா வெளையாட்டுக்குன்னு நெனச்சேன். நேத்து அவங்கண்ணன் வந்து பீரோவத் தொறந்து அவ பொடவையெல்லாம் எடுத்துட்டுப் போயிட்டாரு."



பிறகு பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட நான்கு அட்டைகளை எடுத்து மேசையில் பரப்பினார். முதல் அட்டையில் கொட்டை எழுத்தில் 'பூங்கோதைக்கு எளிய முறை' என்று இருந்தது.

"பிரச்சினை என்னன்னா, அவளுக்கு ஆப்பு ஓட்டத் தெரியாது. நீ பொள்ளாச்சிக்கு வந்து ஒரு மணி நேரம் சொல்லிக் குடுத்தீன்னா போதும்."

நசீமா அட்டைகளைப் படித்தாள். எளிய முறை நாற்பத்தேழு படிகளில் முடிந்தது.

"சார், உங்க ஃபோனைக் குடுங்க."

கொடுத்தார். அதை இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள்.

"நாளைக்கு வந்து வாங்கிக்குங்க."

"ஃபோன் இல்லாம நான் எப்படி..."

"வீட்டுக்குப் போங்க சார்."

மில்லில் அவர் எதைச் சொன்னாலும் அவள் ஏனென்று கேட்டதில்லை. அந்த முறைப்படி அவரும் இன்று கேட்கவில்லை. டவுன் பஸ் ஏறினார்.

&nbsp;

கதவுப் பூட்டு மட்டும் சாவிக்கும் திறக்கும். பூங்கோதை அந்த ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்திருந்தாள். பிழைத்தார்.

மே மாதத்து மத்தியானம். உள்ளே அனல். மின்விசிறி அசையவில்லை.

அலமாரியில் ஒரு பேசும் பெட்டி உண்டு. அதற்குச் சுத்தத் தமிழ் சொல்லிக்கொடுத்தது சென்னியப்பன்தான். அதில் அவருக்கு ஏகப் பெருமை.

"ஃபேனைப் போடு" என்றார்.

"வீட்டில் ஆள் இல்லை. வீடு பாதுகாப்பாக உள்ளது" என்றது பெட்டி.

"நான்தான் இருக்கறேன்ல!"

"வீட்டில் ஆள் இல்லை. வீடு பாதுகாப்பாக உள்ளது."

தன் பெயரைச் சொன்னார். தகப்பன் பெயரைச் சொன்னார். கதவு எண்ணையும் சொன்னார். பெட்டி அசைந்து கொடுக்கவில்லை.

சுவரில் கை தானாகப் போய்ச் சுவிட்சைத் தேடியது. வழவழவென்று தகடுதான் இருந்தது. அம்சமாகத்தான் இருந்தது.

ஒரு குளியல் போடலாம் என்று குளியலறைக் கதவைத் திறந்தார். அதற்கு ஜன்னல் கிடையாது. உள்ளே கும்மிருட்டு. தடவிக்கொண்டே போனபோது கதவுக்குப் பின்னால் ஏதோ கையில் இடித்தது.

டார்ச்.

ஆணியில் நாடா போட்டுத் தொங்கவிட்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாலும் அகப்படுகிற உயரத்தில் இருந்தது. அவர் உயரத்துக்கு அல்ல, பூங்கோதையின் உயரத்துக்கு.

எரியவிட்டுப் பார்த்தார். மூலையில் ஒரு பக்கெட் நிறையத் தண்ணீர் பிடித்துத் தட்டால் மூடியிருந்தது. பாதிச் சோப்பில் மோட்டார் நின்றுபோனால் கழுவிக்கொள்ள.

சென்னியப்பன் டார்ச்சோடு வீடு முழுக்க நடந்தார்.

அடுப்பு மேடையில், தாளிப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் மெழுகுவத்தியும் தீப்பெட்டியும் இருந்தன. கட்டிலில் அவள் படுக்கிற பக்கம், தலையணைக்கு அடியில் ஓலை விசிறி. பூஜை அலமாரியில் இன்னொரு டார்ச். இரும்பு டிரங்குப் பெட்டி மேல் இன்னொரு மெழுகுவத்தி, பாதி எரிந்தது.

காலையில் ஐந்தரைக்கு அவர் நடக்கப் போவார். ஏழு மணிக்குத்தான் வருவார். சாயங்காலம் நூலகத்துக்குப் போவார். வழியில் நாலு பேரைப் பார்த்துப் பேசிவிட்டுத்தான் திரும்புவார். அவர் ஃபோனோடு கேட்டைத் தாண்டியதும் வீடு படுத்துக்கொள்ளும்.

உள்ளே பூங்கோதை இருப்பாள்.

அவள் சொல்லாமல் இல்லை. முதல் வாரமே சொன்னாள்.

"ஏனுங்க, நீங்க போனா லைட்டு போயிருதுங்க."

"நீ எதையாச்சும் அமுக்கியிருப்பே."

இரண்டாம் தடவை சொன்னபோது வோல்டேஜ் குறைச்சல் என்றார். மூன்றாம் தடவை சிரித்தார். நான்காம் தடவை அவள் சொல்லவில்லை. கடைக்குப் போய் டார்ச் வாங்கி வந்திருக்கிறாள்.

சென்னியப்பன் அவள் கட்டிலில் உட்கார்ந்தார். அழுகை வந்தது. தாராளமாக அழுதார். பார்க்க ஆளில்லை என்று பெட்டியே சொல்லிவிட்டது, பிறகு என்ன வெட்கம்?

&nbsp;

மறுநாள் கடை திறப்பதற்கு முன்பே வந்து நின்றார்.

"அம்மிணி, அவ ஃபோனையும் சேத்துட்டா சரியாப் போயிருமா?"

"அக்கா ஃபோன் எங்கீங்க இருக்குது?"

"ஃபிரிட்ஜு மேல."

"இப்பவுமா?"

"இப்பவும்தான். அவ எங்க போனாலும் அது அங்கதான் கெடக்கும். நான் கூப்படணும்னா அவங்கண்ணனுக்குத்தான் கூப்படணும்."

"அப்ப ஃபிரிட்ஜு வீட்ல இருக்குதான்னு தெரிஞ்சுக்கலாமுங்க சார்."

சென்னியப்பன் அசடு வழிந்தார்.

"கைல கட்டற பட்டை ஒண்ணு வந்திருக்குதாமே. அதைக் கட்டியுட்டா? எந்த ரூம்ல இருக்கறான்னு கூடக் காட்டுமாம்."

நசீமா எழுந்துபோய் எதிர்க்கடையில் டீ சொல்லிவிட்டு வந்தாள். டீ வந்தது. ஒரு வார்த்தை பேசாமல் குடித்தாள். அவரும் குடித்தார்.

"பட்டை வேண்டாம்" என்றார் சென்னியப்பன்.

"வேண்டாமுங்க சார்."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவள் கேட்டாள்.

"இந்த ஃபோனெல்லாம் வர்றதுக்கு முன்னாடி, மில்லு உட்டு வீட்டுக்குப் போவீங்கல்ல. அக்கா உள்ள இருக்கறாங்களா, வெளிய போயிட்டாங்களான்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"கேட்டைத் தொறக்கறப்பவே தெரியும்."

"கூப்பட்டுப் பாப்பீங்களா?"

"எதுக்குக் கூப்படறது? பாத்தாலே தெரியுமே."

"எதைங்க?"

சென்னியப்பன் வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. மெல்லத் தலையைத் திருப்பிக் கடை வாசலைப் பார்த்தார். வெளியே அவருடைய செருப்பும் நசீமாவின் செருப்பும் கிடந்தன.

எழுந்தார். விறுவிறுவென்று படியிறங்கிப் போனார்.

"சார், ஃபோனு!" என்று நசீமா பின்னாலேயே ஓட வேண்டியிருந்தது.

&nbsp;

வாசற்படிக்கு இடது பக்கம்தான் பூங்கோதை எப்போதும் செருப்பைக் கழற்றி விடுவாள். அங்கே ஒரு பலகை செய்து போட்டார்.

பலகைக்கு அடியில் ஒரு ஸ்பிரிங். ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சுவிட்ச். மில்லில் மெஷின் கதவு சரியாக மூடியிருக்கிறதா என்று பார்க்க வைப்பார்களே, அதே சுவிட்ச். செருப்பு ஏறினால் பலகை ஒரு நூலளவு இறங்கும். வீட்டுக்குத் தெரிந்துவிடும், ஆள் உள்ளே இருக்கிறதென்று. செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனால் அதுவும் தெரிந்துவிடும்.

பூங்கோதை புதிதாக ஒன்றும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. இத்தனை வருடம் செய்ததையே செய்தால் போதும். நான்கு அட்டைகளையும் பழைய பேப்பரோடு கட்டி வைத்தார்.

வீட்டை ஓட்டுகிற விதியிலிருந்து தன் ஃபோனை எடுத்துவிட்டார். இனி அதை வைத்து வீடு எதையும் முடிவு செய்ய வேண்டாம் என்று நினைத்தார்.

வலது பக்கம் தன் செருப்புக்கும் ஒரு பலகை போடலாம்தான். மரம் மிச்சமிருந்தது. சுவிட்சும் இன்னொன்று இருந்தது. ஏனோ கை ஓடவில்லை. ஏன் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

பலகை தயார். செருப்பு பொள்ளாச்சியில்.

வீடு படுத்துக்கிடந்தது. சென்னியப்பன் குளியலறையில் அவள் டார்ச்சை எரித்துக் குளித்தார். அவள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் தோசை வார்த்தார். தோசை ஒரு பக்கம் தீய்ந்தது. அவள் விசிறியை வீசிக்கொண்டு படுத்தார். இப்படி மூன்று நாள் ஓட்டினார். பெட்டி மட்டும் ஒரு சொல் மாறாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

நான்காம் நாள் அவருக்குப் பொறுக்கவில்லை. பலகை வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமல்லவா? ஃபோர்மேன் புத்தி அது. பரணில் ஏறித் துழாவினார். பூங்கோதையின் பழைய செருப்பு ஒரு ஜோடி அகப்பட்டது. வார் அறுந்து தைத்தது, இடது குதிகால் தேய்ந்தது. தூசி தட்டிக் கொண்டுபோய்ப் பலகையில் வைத்தார்.

வீடு எழுந்தது.

விளக்குகள் எரிந்தன. நான்கு மின்விசிறிகளும் சுற்றின. மோட்டார் உறுமியது. "வணக்கம். வீட்டில் ஆள் உண்டு" என்றது பெட்டி.

சென்னியப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. நசீமாவைக் கூப்பிட்டார்.

"அம்மிணி, கையில இருக்கற வேலையை அப்படியே போட்டுட்டு வா."

வந்தாள். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு முதலில் பலகையிடம்தான் போனாள். விரலால் அழுத்திப் பார்த்தாள். குனிந்து அடியில் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"மெஷின் கதவு சுவிட்சா! அடடா, அருமைங்க சார்."

குருவிடம் இப்படி ஒரு வார்த்தை வாங்கினால் எந்தச் சீடனுக்குத்தான் நெஞ்சு நிமிராது?

நசீமா தன் செருப்பைத் தள்ளி மண்ணில் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். கூடத்தில் நின்றாள். சமையலறைப் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"அக்கா!"

சென்னியப்பன் அவளைப் பார்த்தார்.

"அக்கோவ்! நசீமா வந்திருக்கறனுங்க!"

கூப்பிட்டுவிட்டுக் காத்திருந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பூங்கோதை இதோ வந்துவிடுவாள் என்பது போல சமையலறைக் கதவு நிலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. அவள் வெகுநேரம் காத்திருந்தாள்.

சென்னியப்பனின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது.

நசீமா வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். ஸ்கூட்டரைக் கிளப்பினாள். போய்விட்டாள்.

சென்னியப்பன் குனிந்து பழைய செருப்பை எடுத்தார். உள்ளே மின்விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றன.

&nbsp;

மறுநாள் காலை பொள்ளாச்சி பஸ் ஏறினார். ஃபோனை எடுத்துப்போகவில்லை. வேறெதையும் எடுத்துப்போகவில்லை.

மைத்துனர் வீட்டு வாசலில் பத்துப் பன்னிரண்டு ஜோடிச் செருப்பு கிடந்தது. பெரிய குடும்பம். கேட்டுக்கு வெளியே நின்றபடி பார்த்தார். காப்பிக்கொட்டை நிற வார், இடது குதிகால் தேய்ந்தது, ஓரமாக, இடது பக்கமாக இருந்தது.

கூப்பிடவில்லை. அங்கேயே நின்றார்.

சற்று நேரத்தில் துவைத்த துணி பக்கெட்டோடு பூங்கோதை வெளியே வந்தாள். பார்த்துவிட்டாள்.

"எப்ப வந்தீங்க? கூப்படறதுக்கென்ன?"

"நீ இருக்கறேன்னு தெரிஞ்சுது."

அவள் கொடிக்குப் போனாள். ஒரு துண்டை உதறிப் போட்டாள். இன்னொன்றையும் போட்டாள். அவர் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"வீட்டுக்கு என்னைத் தெரிஞ்சுதுங்களா?"

"உன்னைத் தெரியுது கோதை. என்னைத்தான் தெரியல."

"என்ன பேச்சு இது?"

"வாசல்ல பலகை செஞ்சு போட்டிருக்கறேன். நீ செருப்பு உடற எடத்துல. அதுல உன்ற செருப்பு இருந்தா வீட்ல ஆள் இருக்குது. இல்லீன்னா இல்ல. அவ்வளவுதான் வச்சிருக்கறேன்."

"உங்க ஃபோனு?"

"அதைக் கணக்குல இருந்து எடுத்துட்டேன்."

"அப்ப இத்தன நாளா எப்படிக் காலம் தள்ளுனீங்க?"

"உன்ற டார்ச்சு இருந்துச்சு. உன்ற விசிறி இருந்துச்சு."

ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டிருந்த அவள் கை நின்றது.

"அதையெல்லாம் பாத்தீங்களா?"

"எல்லாத்தையும் பாத்தேன். நீ மூணு தடவை சொன்னே. நான்தான் காதுல போட்டுக்கல. தப்பு என்மேலதான் கோதை."

முப்பத்தியோரு வருடத்தில் இதுவும் முதல் தடவைதான்.

பூங்கோதை புடவையைப் பக்கெட்டிலேயே போட்டாள். வீட்டுக்குள் போனாள். உள்ளே அண்ணியிடம் ஏதோ சொல்கிற சத்தம் கேட்டது. அண்ணி சிரிக்கிற சத்தமும் கேட்டது. புடவைப் பையோடு வெளியே வந்தாள்.

படியிறங்கி ஒரு காலில் செருப்பை மாட்டினாள். மற்றக் காலை மாட்டாமல் அப்படியே நின்றாள். நெற்றியைச் சுருக்கினாள்.

"ஏனுங்க."

"ம்?"

"நாளைக்குச் சந்தைக்குப் போவேன். வெள்ளிக்கெழமை கோயிலுக்குப் போவேன். செருப்பைப் போட்டுக்கிட்டுத்தான் போவேன்."

"போயிட்டு வா."

"அப்ப நான் வர்ற வரைக்கும் நீங்க ஃபேன் காத்து இல்லாமயா உக்காந்திருப்பீங்க?"